பொத்தானை அழுத்துவதற்கு முன்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் வந்து இதை மேசைமேல் வைத்ததுமே, முன்வரிசையில் ஒரு தம்பி பக்கத்திலிருந்தவரிடம் "போலீஸ் வாக்கி-டாக்கிடா" என்று சொன்னது காதில் விழுந்தது. போலீஸுடையது இல்லை, தம்பி. என் சொந்தக் காசில் வாங்கியது. ஆனாலும் நீ சொன்னதை முழுத் தவறு என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பெட்டியில் எண்களைத் தட்டினால் போலீஸார் பேசுகிற அலைவரிசையிலும் போய் நிற்கும். தீயணைப்பு நிலையம், துறைமுகம், டாக்சிக் கம்பெனி என்று பலர் வீட்டு வாசலுக்கும் போகும். பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அங்கே பேசவும் செய்யும். "இது உன் இடம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லாது. வீட்டுப் பீரோவுக்குக்கூடப் பூட்டு உண்டு, இதற்குக் கிடையாது. பூட்டில்லாத இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதன் பெயர் பாவோஃபெங் யுவி-5ஆர். சீனத் தயாரிப்பு. 2012 வாக்கில் சந்தைக்கு வந்தது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டை, 400 முதல் 520 வரை இன்னொரு பட்டை. 128 அலைவரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். 4 வாட் அளவுக்குத் திறன். கூடவே எஃப்எம் ரேடியோவும் டார்ச் விளக்கும் உண்டு. வாங்கிய பலருடைய வீட்டில் கடைசியில் மிஞ்சியது இந்த இரண்டு உபயோகம்தான் என்பது வேறு கதை. இதற்கு முன்பு இரண்டு பட்டையிலும் பேசுகிற கைக்கருவி வேண்டுமென்றால் ஜப்பான் கம்பெனிகளின் கருவிதான். அந்த ஒன்றின் விலைக்கு இதில் ஐந்தாறு வாங்கிவிடலாம்.

வாக்கி-டாக்கி என்ற பெயரே இதற்கு உரியது இல்லை. இரண்டாம் உலகப் போரில் மோட்டோரோலா செய்துகொடுத்த எஸ்சிஆர்-300 என்ற கருவியைத்தான் அப்படி அழைத்தார்கள். ஏறக்குறைய 16 கிலோ. சிப்பாய் முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கையில் பிடிக்கிற சின்னக் கருவிக்கு அப்போதே ஹேண்டி-டாக்கி என்று பெயர். பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிற ஹாம் வானொலிக்காரர்களான நாங்கள் இன்றும் இதை 'ஹேண்டி' என்றுதான் சொல்வோம்.

விலை எப்படி இறங்கியது? பழைய கருவியைத் திறந்தால் உள்ளே சுருள்களும் வடிகட்டிகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் உட்கார்ந்து சின்னத் திருப்புளியால் திருகி இசைக்க வேண்டும். ஷாங்காயில் இருந்த ஆர்டிஏ மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி, அந்த வேலைகளில் பெரும்பாலானதை ஒரே சிப்புக்குள் அடக்கியது. ஆர்டிஏ1846 என்று பெயர். விரல் நகத்தைவிடச் சின்னது. அதோடு ஒரு பெருக்கி, ஒரு திரை, ஒரு பேட்டரி; ஹேண்டி தயார்.

ஆனால் வடிகட்டியில் மிச்சம் பிடித்தால் அது வேறு எங்காவது தலைகாட்டும். நகரத்தில் மொட்டை மாடியில் நின்று, பக்கத்தில் பெரிய டவர் இருந்தால், இந்தப் பெட்டிக்குக் காது அடைத்துவிடும். பலமான அலை முன்வாசலை நிறைத்துக்கொண்டு நிற்க, மெலிந்த அலைக்கு உள்ளே வர வழி இருக்காது. அனுப்பும்போது இதற்கு நேர்மாறான கோளாறு. 145 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவி, அதன் இரட்டிப்பான 290இலும் மும்மடங்கான 435இலும் கொஞ்சம் கசியும். எல்லாக் கருவிகளும் கசிபவைதான். எவ்வளவு என்பதில்தான் கேள்வி. அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் ஆய்வகத்தில் மலிவுக் கருவிகளை அளந்து பார்த்தபோது, அவற்றில் பல அனுமதித்த அளவைத் தாண்டிக் கசிந்தன. 290 என்பது காலி மனை இல்லை. அந்தப் பகுதியில் ராணுவ விமானங்கள் பேசுகின்றன. இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. நல்ல கருவிகளும் இந்த விலையில் வருகின்றன. ஆனால் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்தவர், தான் பேசுவது தனக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் கேட்காது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

அதனால்தான் நம் நாட்டில் சட்டம் கடுமையாக இருக்கிறது. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின்படி, பேசுவதற்கு மட்டுமில்லை, கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இதே பேச்சைத்தான் பேசுகிறது. இணையக் கடையில் இரண்டு தட்டுத் தட்டினால் வீட்டுக்கு வருகிறதே என்று கேட்பீர்கள். வந்தது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் அதற்காகத்தான். உரிமம் வேண்டும் என்ற செய்தியை வாங்குபவரிடம் சொல்லாமலே விற்றுக்கொண்டிருந்தார்கள்.

உரிமமே இல்லாமல் பேச ஒரு சின்ன இடம் உண்டு: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 2018இல் வந்த விதிகள் அதைத் திறந்துவிட்டன. ஆனால் அங்கே குறைந்த திறனில் இயங்குகிற, அதற்கென்று சான்று பெற்ற கருவிதான் பேசலாம். யுவி-5ஆரில் 446 என்று தட்டிவிட்டு "நானும் அங்கேதானே இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்துக்கோ கோயில் அன்னதானத்துக்கோ நாலு செட் வேண்டுமென்றால் சான்று பெற்ற அந்த வகையை வாங்குங்கள், போதும்.

யுவி-5ஆரை முறையாகப் பயன்படுத்த நேர்வழி ஹாம் உரிமம். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது ஆகியிருந்தால் எழுதலாம்; தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன். தேறினால் உலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு அழைப்புக்குறி கிடைக்கும். வியு2 அல்லது வியு3 என்று தொடங்கும். 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 வரையும் இந்த ஹேண்டி எட்டுகிற இடங்களில் நமக்கு உரியவை. இவ்வளவு அகலமாக மேயத் தெரிந்த பெட்டிக்கு நியாயமான மேய்ச்சல் நிலம் மொத்தம் 6 மெகாஹெர்ட்ஸ்தான்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் கேள்வி: எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?

பெட்டியின் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். இந்த அலைகள் பார்வை போகிற வழியில் போகிறவை. ஒரு கணக்கு இருக்கிறது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டரில் அதன் தொடுவானம். தோளுயரத்தில் பிடித்த ஹேண்டிக்கு 5 கிலோமீட்டர். எதிர்முனையிலும் அப்படியே என்றால் 10. அதுவும் குறுக்கே ஒன்றுமில்லாத வெட்டவெளியில். தெருவும் கட்டடமுமாக இருக்கும் ஊரில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள்.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே ராஜகோபுரத்தடியில் ஒருவர், மேற்கே அடி அண்ணாமலையில் ஒருவர், ஆளுக்கொரு ஹேண்டி. நேராகக் கோடு போட்டால் நாலைந்து கிலோமீட்டர்தான். ஒரு சொல் கேட்காது, நடுவில் மலை. அதே இரண்டு பேர் பேச, மலை உச்சியில் மூன்றாவது ஆள் ஒருவர் ஹேண்டியோடு உட்கார்ந்தால் போதும். சுற்றியுள்ள தரையைவிட அவர் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறார். கணக்குப்படி அவருடைய தொடுவானம் 100 கிலோமீட்டர். கீழே ஒருவர் சொன்னதை அவர் வாங்கி மற்றவரிடம் சொல்லலாம். கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் எது தடையோ அதுவே பாலமாகிவிடுகிறது. அந்த மூன்றாவது ஆளின் வேலையை ஓயாமல் செய்கிற இயந்திரத்துக்குத்தான் ரிப்பீட்டர் என்று பெயர். மலை மேல், உயர்ந்த கட்டடங்கள் மேல் ஹாம் சங்கங்கள் இதை வைத்திருக்கும்.

திறனைக் கூட்டினால் தூரம் கூடும் என்று நினைப்பவர்கள் மாடிப்படி ஏறிப் பார்க்கலாம். 4 வாட்டை 8 ஆக்கியதில் கிடைக்காதது இரண்டு மாடி ஏறினால் கிடைக்கும். இன்னொரு சிக்கனமான வழி, ஒரு துண்டு ஒயர். இந்தப் பெட்டியோடு வருகிற கட்டை ஆன்டெனா பாதி ஆன்டெனாதான். மறுபாதி நம் கையும் உடம்பும். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர் சொச்சம், அதில் கால்வாசி அரை மீட்டர். 49 சென்டிமீட்டர் ஒயரை ஆன்டெனா திருகும் இடத்தின் வெளிப்புற உலோகத்தில் சிக்கவைத்துத் தொங்கவிடுங்கள். புலிவால் என்று செல்லப்பெயர். ரிப்பீட்டர் எட்டாத அறையிலிருந்து எட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒயருக்கு ஐந்து ரூபாய் ஆகியிருக்காது.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிட வேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி. அந்தமானில் தொலைபேசி செத்துப்போனது. அந்த மாதம் தற்செயலாகப் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தின் ஹாம் குழு இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான் அங்கே ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது. யார் பிழைத்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தீவிலிருந்து நிலத்துக்குச் செய்தி போனது அவர்கள் வழியாகத்தான். இதைக் கேட்டவர்கள் உடனே ஒரு ஹேண்டி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பேரிடருக்குத் தயார் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். அதைத் தாண்டியது வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை. அதற்கான கருவி வேறு, ஆன்டெனா வேறு. ஹேண்டி உதவுவது தெருவுக்குள், முகாமுக்குள், படகுத்துறையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும். அந்த உதவியும் அலமாரியில் இருந்தால் கிடைக்காது.

சரி, பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்போம்.

ரிப்பீட்டருக்கு இரண்டு வாசல். ஒன்றில் கேட்கும், மற்றொன்றில் பேசும். ஒரே வாசலாக இருந்தால் தன் குரலே தன் காதை அடைத்துவிடும். 2 மீட்டர் பட்டையில் இரண்டுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். நாம் கேட்பது 145.600 என்றால் அனுப்புவது 145.000. பெட்டியில் மெனு 25இல் கழித்தல் குறி, 26இல் 0.600. அடுத்து டோன். நம் குரலுக்கு அடியில் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய முனகலைக் கருவி சேர்த்து அனுப்பும், 88.5 ஹெர்ட்ஸ் போல. அந்த முனகல் இருந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். மெனு 13. பிறகு மெனு 27இல் சேமிக்க வேண்டும். ஒருமுறை சேமித்தால் கேட்கும் வாசல் மட்டும்தான் பதியும்; அனுப்பும் வாசலுக்கு மாறி, அதே எண்ணில் இன்னொரு முறை சேமிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் ரிப்பீட்டரைத் திட்டியிருக்கிறார்கள்.

டோனைப் பற்றி இன்னொன்று. விற்பவர்கள் இதை 'ரகசியக் குறியீடு' என்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. டோன் வைத்தால் மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது. உங்கள் பேச்சு எல்லாருக்கும் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனை கதைதான்.

128 இடங்களையும் இப்படி மெனுவில் நிரப்ப உட்கார்ந்தால் விரல் தேய்ந்துவிடும். அதற்குத்தான் சிர்ப் என்ற மென்பொருள். டான் ஸ்மித் என்ற அமெரிக்க ஹாம் தொடங்கியது, பைத்தானில் எழுதியது, காசு கிடையாது. கருவியை ஒரு கேபிளால் கணினியோடு இணைத்தால் எல்லாம் அட்டவணையாக விரியும்.

அந்தக் கேபிளைப் பற்றி நான் அழுத கதையைச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. முதல் கேபிளில் பிஎல்2303 என்ற சிப்பின் போலி இருந்தது. அசல் சிப் செய்கிற கம்பெனியின் புது டிரைவர் போலியைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுக்கும். எனக்கு அது தெரியாது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டேன். அப்போதும் "கருவி பதில் சொல்லவில்லை" என்றே வந்தது. கணினியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், செட்டே பழுது என்று முடிவுகட்டினேன். இரண்டு நாள் கழித்து என் மகள் வந்து, இரட்டை முள் பிளக்கை ஓர் அமுக்கு அமுக்கினாள். 'டக்' என்று உள்ளே போனது. அதுவரை அரை மில்லிமீட்டர் வெளியே நின்றிருக்கிறது. எனவே உங்களுக்கு முதல் பாடம்: பலமாக அமுக்குங்கள்.

இரண்டாவது, எதையும் எழுதுவதற்கு முன் கருவியில் இருப்பதை அப்படியே இறக்கிச் சேமித்துவிடுங்கள். வழி தவறினால் திரும்பி வர அதுதான் வீடு. நண்பர் கருவியின் கோப்பை உங்கள் கருவியில் ஏற்றாதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பதிப்பு வேறாக இருக்கும். கடையிலிருந்து வந்தபோது ஏற்றியிருந்த அலைவரிசைகளை ஈவு இரக்கம் இல்லாமல் அழியுங்கள். இதன் தம்பி ஒருவன் இருக்கிறான், பிஎஃப்-888எஸ். திரையே கிடையாது, 16 அலைவரிசைகள் ஏற்றியபடியே வருவான். திருகியைத் திருப்பிப் பேசுகிறவருக்குத் தான் யார் வீட்டில் நின்று பேசுகிறோம் என்பது கணினியில் இணைத்துப் பார்க்கும்வரை தெரியாது.

சிர்ப் அட்டவணையில் 'டூப்ளெக்ஸ்' என்று ஒரு பத்தி உண்டு. ரிப்பீட்டருக்குக் கழித்தல் குறி போடும் இடம். அதிலேயே 'ஆஃப்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் அந்த இடத்தில் கருவி கேட்கும், பேசாது. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அலை கிளம்பாது. நான் தொடக்கத்தில் இல்லை என்று சொன்ன பூட்டு இதுதான். கம்பெனி போடாததை நாம் ஒவ்வொரு வரிக்கும் போட வேண்டும். என் கருவியில் பாதிக்கு மேற்பட்ட வரிகள் பூட்டியவைதான். பேரப்பிள்ளை எடுத்து விளையாடினாலும் பயமில்லை.

பேசும் முறைக்கு வருகிறேன். இது எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்காதது, தமிழில் பேசிப் பட்டுத் தெரிந்துகொண்டது. பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்கினால் முதல் அசை வெட்டுப்படும். அதற்கு ஒரு நொடி பொறுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நமக்கு அதைவிட ஆபத்து கடைசியில் இருக்கிறது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் வரும். "வண்டியைப் பாலத்து மேல விட வேண்டாம்" என்று ஒருவர் சொல்கிறார். முடிக்கும் அவசரத்தில் விரலை எடுத்துவிடுகிறார். எதிர்முனையில் கேட்டது, "வண்டியைப் பாலத்து மேல விட". விட்டுவிட்டார்கள். அன்றைக்கு நல்லவேளையாகப் பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல் எங்கள் குழுவில் மறுப்பை முன்னால் போடுகிறோம்: "வேண்டாம், வேண்டாம், பாலத்து மேல வண்டி வேண்டாம், ஓவர்." இலக்கணம் கொஞ்சம் முகம் சுளிக்கும். எண்களையும் அப்படியே உடைப்போம். இரைச்சலில் பதினேழும் பதினெட்டும் ஒன்றாகவே கேட்கும். "ஒண்ணு, ஏழு" என்றால் குழப்பமில்லை. ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. கத்தினால் குரல் உடையுமே தவிரத் தூரம் போகாது.

மீனவ நண்பர் ஒருவர் கேட்டார், கடலுக்கு இதை எடுத்துப் போகலாமா என்று. போகாதீர்கள். கடல் அலைவரிசை 16, அதாவது 156.800, இதில் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் இது தண்ணீர் தாங்காது, இந்த வேலைக்கான சான்றும் இல்லை. அதற்கென்று செய்த மரைன் செட்டோடு போங்கள். விமானி பேச்சு கேட்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்காது. அவர்கள் ஏஎம் முறையில் பேசுகிறார்கள், இதற்குத் தெரிந்தது எஃப்எம் மட்டும்.

இன்னும் பேசிக்கொண்டே போகலாம், ஆனால் மணி ஆறரை ஆகிவிட்டது. ஆறு ஐம்பதுக்குச் சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போகிறது, 400 கிலோமீட்டர் உயரத்தில். அதில் 2020 செப்டம்பரிலிருந்து ஹாம்களுக்கு ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. உலகத்திலேயே உயரமான மலை உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 145.990இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு கேட்கும், 437.800இல் பேசும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால், ரயில் ஹாரன் மாதிரி, நெருங்கும்போது 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் விலகும்போது 10 கீழேயும் கேட்கும். அதற்காக 437.810, 805, 800, 795, 790 என்று ஐந்து இடங்களை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன். நாலு வாட்டில் அங்கே போய்ச் சேரவும் முடியும், ஆனால் இன்று யாரும் பேசப் போவதில்லை. ஐந்திலும் 'ஆஃப்' போட்டிருக்கிறேன். முதலில் 810. சத்தம் மங்கினால் ஒரு படி இறக்க வேண்டும். ஆன்டெனாவைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மொத்தம் பத்து நிமிடம்தான் கிடைக்கும், ரிப்பீட்டர் இன்று ஓடிக்கொண்டிருந்தால்.

தம்பி, இந்தா, நீ பிடி. எல்லாரும் மாடிக்கு வாருங்கள். வடமேற்கு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.